பழைய மாருதியின் இறுகிய ஸ்டீயரிங் பூட்டு: எந்த வழியில் சரிசெய்வது?

நாகப்பட்டினத்தில் அப்பா வைத்திருக்கும் 1998ஆம் வருட மாருதி 800, ஐப்பசி கார்த்திகை மழை முழுவதும் போர்ட்டிகோவைவிட்டு நகரவில்லை. மார்கழி பிறந்ததும் ஒரு கல்யாணத்துக்குப் போக எடுத்தபோது சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. ஸ்டீயரிங்கும் மரம்போல நின்றது. அன்று மாலைக்குள் ஐந்து யோசனைகள் வந்து சேர்ந்தன. தேங்காய் எண்ணெய் விடு என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். புது லாக் செட் போடுங்கள் என்றார் ஸ்பேர் கடைக்காரர். பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும் என்றான் சென்னையில் இருக்கும் தம்பி. சாவி செய்பவரைக் கூப்பிடலாமே என்றார் அம்மா. "லாக்கையே எடுத்துவிட்டு ஒரு பொத்தான் வைத்துத் தருகிறேன், இனிமேல் தொல்லையே இருக்காது" என்றார் ஒரு மெக்கானிக்.

இவற்றில் எண்ணெயும் பொத்தானும் தவறு. மற்றவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழுதுக்கு மருந்துதான். ஆனால் எந்தப் பழுது என்று பார்க்காமல் மருந்தைத் தேர்ந்தெடுத்தால், சில நூறு ரூபாயில் முடிவது சில ஆயிரங்களில் போய் நிற்கும். எங்கள் வீட்டில் பாதிதூரம் அப்படித்தான் போயிற்று.

முதலில் பூட்டு எப்படி வேலைசெய்கிறது என்று மனத்தில் படம் வரைந்துகொள்ள வேண்டும். ஸ்டீயரிங் தண்டைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. அதில் ஒரு பள்ளம். சாவி போடும் பூட்டுக் கூட்டுக்குள் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு கெட்டியான எஃகு நாக்கு இருக்கிறது. சாவியை உருவியதும் அந்த நாக்கு வெளியே நீள்கிறது. ஸ்டீயரிங் கொஞ்சம் திரும்பிப் பள்ளம் நேரே வந்தவுடன் அதற்குள் விழுந்து தண்டைப் பிடித்துக்கொள்கிறது. மறுபடி சாவியைப் போட்டுத் திருப்பினால் நாக்கு பின்வாங்கும். சாவி நுழையும் உருளைக்குள் வரிசையாகச் சிறிய தகடுகள் நிற்கின்றன. சாவியின் வெட்டுகள் அந்தத் தகடுகளைச் சரியான மட்டத்தில் நிறுத்தினால்தான் உருளை சுழலும். திண்டுக்கல் பூட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அங்கே கனமான லீவர்கள் செய்யும் வேலையை இங்கே மெல்லிய தகடுகள் செய்கின்றன. மெல்லியவை என்பதால்தான் சீக்கிரம் தேய்கின்றன. உருளைக்குப் பின்னால் ஒயர்கள் வந்து சேரும் இக்னிஷன் சுவிட்ச் தனி உறுப்பு. சாவி நன்றாகத் திரும்பியும் வண்டி உயிர்பெறவில்லை என்றால் பழுது அங்கேயோ பேட்டரியிலோ இருக்கும். பூட்டைக் குறைசொல்லக் கூடாது.

ஆக, சிக்குவதற்கு மூன்று இடங்கள்: நாக்கு, சாவி, உருளை.

நாக்கு சிக்கியிருந்தால் செலவே இல்லை. சக்கரம் திரும்பிய நிலையில் வண்டியை நிறுத்தும்போது டயர் முறுக்கிக்கொண்டு நிற்கும். நடைபாதை விளிம்பிலோ படிக்கட்டிலோ டயர் அழுந்தி நின்றால் அந்த முறுக்கு இன்னும் கூடும். அந்த விசை தண்டு வழியாக வந்து நாக்கைப் பள்ளத்தின் ஒரு சுவரோடு சேர்த்து அழுத்திவிடும். பிறகு எவ்வளவு நல்ல சாவியானாலும் நாக்கை இழுக்க முடியாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கல்போல நிற்கும். மறுபக்கம் கொஞ்சம் மசிந்து கொடுக்கும். மசிகிற பக்கமாகக் கால் அங்குலம் தள்ளி, அங்கேயே பிடித்துக்கொண்டு, மறுகையால் சாவியை நிதானமாகத் திருப்ப வேண்டும். அதிகமாகத் தள்ளினால் நாக்கு எதிர்ச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. கை அதைக் கண்டுபிடித்துவிடும்.

இது பலிக்காவிட்டால் வண்டியை நியூட்ரலில் போட்டுக் கைபிரேக்கைத் தளர்த்தி, டயர் எதிலாவது முட்டிக்கொண்டிருந்தால் அதைவிட்டு அரையடி நகர்த்துங்கள். நகர இடமில்லையென்றால் பின்சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்துவிட்டு, முன்சக்கரத்தை ஜாக்கியால் தரையைவிட்டுத் தூக்குங்கள். டயர் காற்றில் தொங்கியதும் முறுக்கு கழன்றுவிடும். இந்த ஜாக்கி யோசனையைப் பலர் முயன்று பார்ப்பதே இல்லை. அது தெரியாமலேயே வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் காரில் நாக்கும் கொஞ்சம் அழுந்தித்தான் இருந்தது. அப்பா எப்போதும் முன்டயரைப் போர்ட்டிகோ படியில் முட்டவிட்டு நிறுத்துவார். ஆனால் ஜாக்கி போட்டுத் தூக்கிய பிறகும் சாவி திரும்பவில்லை. அப்படியானால் மீதி இரண்டில் ஒன்று.

சாவியா உருளையா என்று பிரித்தறிய எளிய வழி, பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்ப்பது. அது திரும்பினால் குற்றம் அன்றாடச் சாவியுடையது. இரண்டுமே திரும்பவில்லை, ஆனால் கதவுப் பூட்டை இரண்டும் வழுக்கிக்கொண்டு திறக்கின்றன என்றால் குற்றம் உருளையுடையது. கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவி உள்ள கார்களுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தும்.

சாவி தேய்ந்திருந்தால் புதுச் சாவி வெட்டுவதுதான் எல்லாவற்றிலும் மலிவான தீர்வு. ஆனால் எதைப் பார்த்து வெட்டுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தேய்ந்த சாவியை இயந்திரத்தில் வைத்து நகலெடுத்தால் தேய்மானமும் நகலாகிவிடும். புத்தம்புதுச் சாவி பழைய கிழவனைப் போலவே நடந்துகொள்ளும். கார் வாங்கியபோது சாவிக் கொத்தோடு எண் பொறித்த சிறு தகடு வந்திருந்தால் அந்த எண்ணைக் கொண்டு அசல் வெட்டைப் பெறலாம். அதுவும் தொலைந்துவிட்டதென்றால், கைதேர்ந்த சாவித் தொழிலாளி இடப்பக்கக் கதவின் பூட்டைக் கழற்றித் தகடுகளைப் படித்து வெட்டுவார். ஓட்டுநர் பக்கக் கதவு தினமும் சாவி வாங்கித் தேய்ந்திருக்கும். இடப்பக்கக் கதவில் யாரும் சாவி போடுவதில்லை; அதனால் அந்தப் பூட்டு தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கும். இதைச் செய்து கொடுப்பவரிடம் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.

உருளையில் தூசியும் காய்ந்த கிரீஸும் அடைத்திருந்தால் சுத்தம் செய்தாலே போதும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேறு சேர்ந்துகொள்கிறது. இங்கேதான் எண்ணெய் விவாதம் வருகிறது. தேங்காய் எண்ணெயும் கிரீஸும் வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும் பொருள். விட்ட அன்று பூட்டு இளகும். பிறகு தூசியைப் பிடித்துக் களிம்பாகி, மார்கழி அதிகாலையில் முன்பைவிட மோசமாகும். டபிள்யூடி-40 போன்ற மெல்லிய தெளிப்பான்கள் அழுக்கைக் கரைத்து வெளியேற்ற உதவும். ஆனால் பூட்டுக்கு நிரந்தர மசகாக அவற்றை நம்ப முடியாது. நிலைத்து உதவுவது கிராஃபைட் தூள் அல்லது உலர்ந்த டெஃப்லான் தெளிப்பு. அவசரத்துக்கு மெத்தென்ற பென்சிலைச் சாவியின் இரு பக்கமும் கருக்கத் தேய்த்து, இருபது முறை நுழைத்து எடுக்கலாம். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட் போட்டால் இரண்டும் குழைந்து பசையாகும். எனவே முதலில் கழுவிவிட்டுத்தான் தூள். எதைத் தெளித்தாலும் அதற்கு முன் பேட்டரியின் ஓர் இணைப்பைக் கழற்றிவிடுங்கள், பின்னால் மின்தொடர்புகள் இருக்கின்றன. கார்புரேட்டர் கிளீனரைப் பூட்டுக்குள் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுக்கும், எளிதில் தீயும் பற்றும்.

சுத்தம் செய்து ஒரு வாரம் நன்றாக வேலைசெய்து மறுபடி சிக்கினால், தகடுகள் தேய்ந்துவிட்டன அல்லது ஒரு ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் தெளிப்பானுக்குச் செலவிடுவது வீண்.

எங்கள் கார் அந்த நிலைக்குத்தான் வந்தது. இரண்டாம் முறை சிக்கியபோது வந்த மெக்கானிக் குறடால் சாவியைப் பிடித்து முறுக்கினார். சாவி பாதியில் முறிந்தது. அவர் முறிந்த துண்டை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, "லாக் செட் மாற்றிவிடலாம்" என்றார். பூட்டின் உருளையும் கூடும் துத்தநாகக் கலவை வார்ப்புகள். குறடு கொடுக்கும் முறுக்கை அவை தாங்காது. விரல்களால் திரும்பாத சாவியை எந்தக் கருவியாலும் திருப்பக் கூடாது. சாவியை விரல்களால் லேசாகத் திருப்ப முயன்று பிடித்தபடி உருளையின் முகத்தில் மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் ஒட்டிய தகடு உதிர்ந்து நகர்வதுண்டு. அதுவே எல்லை.

இந்த இடத்தில்தான் உண்மையான தேர்வு வருகிறது: உருளையைப் பழுதுபார்ப்பதா, முழு லாக் செட்டையும் மாற்றுவதா?

உருளையைப் பழுதுபார்ப்பவர் சாவித் தொழிலாளி. முறிந்த துண்டை மெல்லிய கொக்கியால் எடுத்து, உருளையைக் கழற்றி, தேய்ந்த தகடுகளை மட்டும் மாற்றுவார். சில கார்களில் சாவியை ஏசிசி நிலைக்கு (இன்ஜின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் நிலை) திருப்பி ஒரு சிறு பின்னை அழுத்தினாலே உருளை கையோடு வந்துவிடும். சிலவற்றில் கூட்டையே இறக்க வேண்டும். இதன் பெரிய நன்மை, பழைய சாவியே கதவுகளுக்கும் இக்னிஷனுக்கும் தொடர்ந்து பொருந்துவது. செலவு லாக் செட்டின் விலையில் ஒரு சிறு பங்கு. குறை என்னவென்றால், எல்லாம் செய்பவரின் கையைப் பொறுத்தது. அடம்பிடிக்கும் தகட்டைச் சரியாகப் பொருத்தாமல் அப்படியே எடுத்துப்போட்டுவிடுபவர்களும் உண்டு. ஒன்றிரண்டு தகடுகள் இல்லாவிட்டாலும் பூட்டு வேலைசெய்யும், ஆனால் வேறு சாவிகளுக்கும் திறக்கத் தொடங்கும். எத்தனை தகடுகளை எடுத்தார், எத்தனை போட்டார் என்று பக்கத்தில் நின்று கேட்பதில் தவறில்லை.

முழு லாக் செட் என்பது இக்னிஷன், கதவுகள், பெட்ரோல் மூடி ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே புதுச் சாவியோடு வரும் தொகுப்பு. கூடு விரிசல் விட்டிருந்தாலோ, நாக்கே உடைந்திருந்தாலோ, கதவுப் பூட்டுகளும் தள்ளாடும் வயதில் இருந்தாலோ இதுதான் சரி. சாவி தொலைந்து யார் கையில் இருக்கிறது என்று தெரியாதபோதும் இதுதான் சரி. மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டாலும் சாலையில் இன்னும் ஏராளமாக ஓடுவதால் உதிரிபாகத்துக்குப் பெரிதாகத் தவிக்க வேண்டியதில்லை.

ஆனால் கூலியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பூட்டுக் கூட்டை ஸ்டீயரிங் தண்டோடு பிடித்திருக்கும் போல்டுகள், இறுக்கும்போது தலை முறிந்து விழும்படி செய்யப்பட்டவை. திருடன் ஸ்பேனர் போட்டுக் கழற்றக் கூடாது என்பதற்காக. ஆகவே மெக்கானிக்கும் ஸ்பேனர் போட முடியாது. கூர்மையான பஞ்ச் உளியை வைத்து ஓரத்தில் தட்டித் தட்டிச் சுழற்ற வேண்டும், அல்லது துளையிட வேண்டும். பல கார்களில் ஸ்டீயரிங் தண்டையே இறக்கிப் பலகையில் வைத்துச் செய்தால்தான் கை நுழையும். புதியதைப் பொருத்தும்போது அதே மாதிரி தலை முறியும் போல்டுகளைப் போட்டுத் தலை முறியும்வரை இறுக்கச் சொல்லுங்கள். சாதாரண போல்டு போட்டு அனுப்பினால் பூட்டு பெயரளவுக்குத்தான் பூட்டு.

நடுவழியும் ஒன்று உண்டு: இக்னிஷன் பூட்டை மட்டும் புதிதாக வாங்குவது. கதவுக்கு ஒன்று, இக்னிஷனுக்கு ஒன்று என இரண்டு சாவிகள் கொத்தில் தொங்கும். வயதானவர்கள் ஓட்டும் காரில் அது தினசரித் தடுமாற்றம். புது உருளையின் தகடுகளைப் பழைய சாவிக்கு ஏற்றபடி மாற்றி அடுக்கச் சொன்னால் அந்தத் தடுமாற்றமும் இல்லை. இதைப் பலர் கேட்பதே இல்லை, கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

புதுப்பேட்டை யோசனைக்கு வருகிறேன். மாருதிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. தேவூ மேட்டிஸ், ஓப்பல் கோர்சா போல, விற்ற நிறுவனமே இங்கிருந்து போய்விட்ட கார்களை வைத்திருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். பழைய பூட்டை வாங்கும்போது சாவியோடு இருப்பதை மட்டுமே வாங்குங்கள். கடையிலேயே சாவியைப் போட்டுத் திருப்பினால் நாக்கு முழுக்க உள்வாங்க வேண்டும். பூட்டு நிலைக்குக் கொண்டுவந்து உருவினால் சட்டென்று முழுக்க வெளியே வர வேண்டும். பாதியில் நிற்பதைத் தொடாதீர்கள். வார்ப்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

கடைசியாக, நாக்கை எடுத்துவிட்டுப் பொத்தான் வைக்கும் யோசனை. மலிவு, ஒரு மணி நேர வேலை, மறுபடி சிக்காது. இந்த மூன்றும் உண்மை. ஆனால் நடைமுறையில் நடப்பது பெரும்பாலும் அரைகுறை வேலை: உருளையைப் பிடுங்கிவிட்டு ஒயர்களை இணைத்துப் பொத்தானைக் கொடுத்துவிடுவார்கள். கூடும் நாக்கும் ஸ்பிரிங்கும் தண்டின் மேலேயே இருக்கும். நாக்கைப் பின்னால் பிடித்து வைத்திருந்தது உருளையோடு சுழலும் உறுப்பு. உருளை போனபின் அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் உறுதியாக இல்லை. ஸ்பிரிங் எந்நேரமும் தள்ளிக்கொண்டிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு குலுக்கலில் நாக்கு வெளியே வந்து, வளைவில் பள்ளம் நேரே வந்தால் ஸ்டீயரிங் அந்த நொடியில் பூட்டிக்கொள்ளும். பிரேக் பிடிக்க நேரம் இருக்குமா என்பது எதிரே வருவதைப் பொறுத்தது. இதைச் செய்த காரில் என் குடும்பத்தை ஏற்றமாட்டேன். மலைப்பாதையில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து இறங்குகிறவர்கள் சாவியை உருவினாலும் இதே கதிதான். அவர்களுக்கும் இந்த எச்சரிக்கை சேரும்.

கூட்டை முழுவதுமாகவே கழற்றி எடுத்துவிட்டால் இந்த அபாயம் இல்லை. அப்போது இன்னொரு கேள்வி எழுகிறது: பூட்டு எதற்காக இருந்தது? 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி பழைய கார்கள் உட்பட எல்லாக் கார்களுக்கும் ஸ்டீயரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது; கார் திருட்டு அங்கே பெருமளவு குறைந்து, குறைந்தபடியே நின்றது. குற்றத் தடுப்பைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்வு அது. மின்னணுப் பாதுகாப்பு எதுவும் இல்லாத 1998ஆம் வருடக் காரில் ஒயரை இணைத்து இன்ஜினை ஓடவைப்பது கடினமல்ல. திருடனைத் தடுத்து நிறுத்துவது அந்த ஒரு நாக்குத்தான். வேறு வழியே இல்லாமல் கூட்டை எடுத்தால், கியர் கம்பியை நகரவிடாமல் பூட்டும் கியர் லாக் ஒன்றையாவது அன்றே பொருத்திவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் பக்கமும் பார்க்க வேண்டும். வண்டியைப் பாதுகாக்க உரிமையாளர் நியாயமான எல்லா முயற்சிகளையும் எடுக்க வேண்டும் என்பது நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் உள்ள நிபந்தனை. வண்டி திருடுபோனால் இரண்டு சாவிகளையும் கொண்டுவரச் சொல்வதும் வழக்கம். பூட்டை மாற்றியவர்கள் ரசீதையும், முறிந்துபோன துண்டுகள் உட்படப் பழைய சாவிகளையும் எடுத்து வைக்க வேண்டும். எங்கே இரண்டாவது சாவி என்ற கேள்விக்கு ரசீதுதான் பதில். பூட்டே இல்லாத காருக்கு அந்தப் பதில் கூடக் கிடையாது.

ஏர்பேக் உள்ள கார்களிலும், சாவிக்குள் சிப் உள்ள கார்களிலும் கணக்கு மாறும். ஸ்டீயரிங் பக்கம் கைவைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். சிப் சாவியை வெட்டினால் மட்டும் போதாது, காரின் கணினிக்கு அறிமுகமும் செய்ய வேண்டும். அவற்றுக்கு முறையான பணிமனைதான் சரி. அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

15 வருடப் பதிவைத் தாண்டி, 5 வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டும் ஒரு காருக்கு எவ்வளவு செலவிடலாம் என்று அப்பா தயங்கினார். அடுத்த புதுப்பித்தலோடு விற்றுவிடப் போகிறீர்கள் என்றால் உருளைப் பழுது போதும். இன்னும் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், கதவுகளும் தகராறு செய்கின்றன என்றால் லாக் செட். எங்கள் காரின் கதவுப் பூட்டுகள் நன்றாக இருந்தன, கூட்டில் விரிசல் இல்லை, நாக்கு முழுக்க ஓடியது. ஆகவே அம்மா சொன்னதுதான் நடந்தது. சாவித் தொழிலாளி வந்து முறிந்த துண்டை எடுத்து, தகடுகளை மாற்றி, இடப்பக்கக் கதவைப் பார்த்துச் சாவி வெட்டிக் கொடுத்தார்.

வேலை முடிந்ததும் அவர் எங்களை உடனே ஓட்டவிடவில்லை. வண்டியை வாசலில் நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து, ஸ்டீயரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பச் சொன்னார். பிறகு பூட்டித் திறக்கச் சொன்னார், பத்து முறை. ஒவ்வொரு முறையும் நாக்கு விழும் 'டக்' ஓசையைக் காது கொடுத்துக் கேட்டார். அதன் பிறகுதான் அப்பா கைபிரேக்கை எடுத்தார்.